ஏரல் பக்கம் தையல் கூடம் போட 40 அடி கன்டெய்னர் வாங்கலாமா?

ஏரல் தையல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறோம். இப்போது வீட்டு முன்னறையில்தான் நடக்கிறது, இடம் போதவில்லை. ஏரலுக்குப் பக்கத்தில் அம்மா வழியில் ஒரு நிலம் இருக்கிறது, ஆனால் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. "தொழில் செய்துகொள், யாரும் தடுக்கவில்லை, ஆனால் செங்கல் வைத்து எதையும் எழுப்பிவிடாதே, நாளைக்குப் பிரிக்கும்போது அதுவே வழக்காகிவிடும்" என்று மாமாக்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். அதனால் தேவைப்பட்டால் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒன்றைத் தேடியபோது பழைய கன்டெய்னர் யோசனை வந்தது. தூத்துக்குடி யார்டு ஒன்றில் 40 அடி ஹை கியூப் (சாதாரணத்தைவிட உயரம் கூடிய பெட்டி) இருப்பதாகத் தெரிந்தவர் சொன்னார்.

எனக்கு வேண்டியது ஆறு பவர் மெஷின், துணி வெட்டுகிற மேசை ஒன்று, துணிக்கட்டு அடுக்க இடம், அப்புறம் மே, ஜூனில் இரவு வேலை நடக்கும்போது இரண்டு பெண்கள் படுத்துக்கொள்ள ஒரு சின்ன அறை.

முதல் கவலை வெயில். இரும்புப் பெட்டிக்குள் நாள் முழுக்க ஆட்கள் உட்கார முடியுமா? ஏசி போடுகிற அளவுக்கு வருமானம் கிடையாது. இரண்டாவது வெள்ளம். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஏறியபோது அந்த நிலத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஜன்னல் வெட்டினால் பெட்டி பலம் போய்விடும் என்கிறார்கள், அது எவ்வளவு உண்மை? பஸ் ரோட்டிலிருந்து நிலத்துக்கு மண் ரோடு, நடுவில் ஒரு வளைவு வேறு. இந்த வேலையை நேரில் பார்த்தவர்கள், செய்தவர்கள் சொல்லுங்கள்.

வெல்டிங் அண்ணாச்சி:

தங்கச்சி, தூத்துக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன், சைட் ஆபீஸ், டீக்கடை, செக்யூரிட்டி அறை என்று கன்டெய்னரை மாற்றிக் கொடுப்பது எங்கள் வேலையில் ஒன்று. முதலில் பெட்டியைப் பார்த்து வாங்குவது பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே கோட்டை விட்டால் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் சரியாகாது.

யார்டில் பெட்டிக்குள் போய் நின்றுகொண்டு, வெளியே ஒரு ஆளை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தச் சொல்லுங்கள். இருட்டில் எங்கேயாவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. கூரையில்தான் அதிகம் இருக்கும். வெளியே வந்து நான்கு மூலைத் தூண்களையும் கீழ் நீளச்சட்டத்தையும் பாருங்கள். பக்கச்சுவர் நசுங்கியிருந்தால் பரவாயில்லை, அடித்து நிமிர்த்தலாம். மூலைத் தூண் வளைந்திருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். பெட்டிக்கு அடியில் குனிந்து, தரையைத் தாங்குகிற குறுக்குச் சட்டங்களை சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், துரு தின்ற இடம் பொத்தென்று கேட்கும். இந்தத் தகடு கார்ட்டென் என்கிற வகை, மேல்துரு பிடித்தாலும் உள்ளே சுலபத்தில் இறங்காது, ஆனால் தண்ணீர் தேங்குகிற இடத்தில் அதுவும் தாங்காது.

கதவில் ஒரு உலோகத் தகடு இருக்கும், சி.எஸ்.சி. தகடு என்போம். அதில் செய்த ஆண்டு, தாங்கும் எடை எல்லாம் இருக்கும். அதோடு தரைப்பலகைக்கு என்ன பூச்சிமருந்து ஏற்றினார்கள், எந்த ஆண்டு என்பதும் பொறித்திருக்கும். தரை 28 மி.மீ. பிளைவுட், கரையான் பிடிக்காமல் இருக்க மருந்து ஏற்றியது. சரக்கு ஏற்ற அது சரி. பெண்கள் வெறுங்காலோடு நாள் முழுக்க உட்கார்ந்து, ராத்திரி அதிலேயே பாய் விரித்துப் படுக்கிற இடத்துக்குச் சரிவராது. என் பேச்சைக் கேட்டால் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, சட்டங்களுக்கு பெயின்ட் அடித்து, புது சிமென்ட் போர்டு போட்டுவிடுங்கள். செலவைப் பார்த்து அதை அப்படியே விட்டு மேலே வினைல் ஒட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அது மனசுக்கு ஒப்பாது.

காகிதமும் முக்கியம். வெளிநாட்டு கன்டெய்னர் திரும்பி ஏற்றுமதி ஆகிவிடும் என்ற உறுதியில்தான் சுங்க வரி இல்லாமல் உள்ளே வருகிறது. உள்ளூரில் விற்கும்போது அந்த வரியைக் கட்டியாக வேண்டும். வரி கட்டிய தாளும் ஜிஎஸ்டி பில்லும் இல்லாமல் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் சரி.

ஜன்னல் கேள்விக்கு வருகிறேன். பக்கச்சுவர் தகடு 2 மி.மீ.க்கும் குறைவான கனம்தான், அந்த நெளிவுதான் அதற்குப் பலம். சுமையை நான்கு மூலையும் தாங்குகிறது, அதனால்தான் கப்பலில் ஒன்றின்மேல் ஒன்றாக அத்தனை பெட்டி அடுக்க முடிகிறது. ஆனால் இரண்டு மூலைக்கு நடுவே பெட்டி தொய்யாமல் நிற்பது அந்த நீளச்சுவரால். இரண்டு மூன்று ஜன்னல் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பாக்ஸ் பைப்பில் சட்டம் வைத்து வெல்டிங் செய்தால் ஒன்றும் ஆகாது. ஒரு பக்கச் சுவரை முழுசாக எடுத்துவிட்டுக் காற்றோட்டமாக வைக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், மேலே கீழே பீமும் நடுவில் தூணும் கொடுக்காமல் செய்யக்கூடாது. சட்டத்தை முதலில் பற்றவைத்துவிட்டு அப்புறம்தான் தகட்டை வெட்ட வேண்டும். பழைய பெயின்டில் ஈயம், குரோமேட் இருக்க வாய்ப்பு உண்டு, அதனால் கிரைண்டர் போடுகிற வேலையெல்லாம் பட்டறையிலேயே முடியட்டும், உங்கள் நிலத்தில் வேண்டாம்.

வரைபலகை:

நான் கட்டடப் பொறியாளர். அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அகலம்.

கன்டெய்னர் வெளியே 8 அடி, உள்ளே 2.35 மீட்டர். இரண்டு பக்கமும் வெப்பத்தடுப்பும் போர்டும் வைத்தால் 2.2 மீட்டர் மிஞ்சும். பவர் மெஷின் மேசை 4 அடிக்கு 2 அடி. இரண்டு சுவரோரமும் மெஷின் போட்டால் மேசைக்கே 4 அடி போய்விடும், மிச்சம் மூன்றே கால் அடியில் முதுகோடு முதுகாக இரண்டு ஸ்டூல். நடுவில் யாரும் நடக்க முடியாது. ஒரே வரிசையாகப் போட்டால் ஆறு மெஷினுக்கே 24 அடி நீளம் தீர்ந்துவிடும். சீருடைத் துணி 58 அங்குல அகலம் என்றால் வெட்டுமேசை 5 அடியாவது வேண்டும், அதைப் போட்ட பிறகு ஒரு பக்கம்தான் ஆள் நிற்கலாம், மறுபக்கம் சுற்றி வர வழி கிடையாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பே ஆள் வசிக்கும் அறைக்கு 2.4 மீட்டர் அகலமும் 2.75 மீட்டர் உயரமும் வேண்டும் என்கிறது, ஏசி அறைக்கு மட்டும் உயரம் 2.4 மீட்டர் வரை குறையலாம். ஹை கியூப் உள்ளே 2.69 மீட்டர், சாதாரணப் பெட்டி 2.39 மீட்டர். மனிதர்கள் உட்கார்ந்து வேலை செய்வதற்கென்று போட்ட அளவுகள் இல்லை இவை.

அதனால் ஒரு 40 அடிக்குப் பதில் இரண்டு 20 அடிப் பெட்டியைப் பாருங்கள். 14 அடி இடைவெளி விட்டு இணையாக நிறுத்தி, இரண்டையும் சேர்த்து மேலே ஒரே ஷீட் கூரை போடுங்கள். நடுவில் கிடைக்கிற 14 அடிக்கு 20 அடிக் கூடம்தான் உங்கள் தையல் கூடம். ஆறு மெஷினும் வெட்டுமேசையும் அங்கே தாராளமாக நிற்கும். ஒரு பெட்டி துணிக்கும் நூலுக்கும், ராத்திரி மெஷின் தலைகளைப் பூட்டி வைக்கவும். இன்னொன்று படுக்கிற அறையும் சாமான் வைக்கிற இடமும். பெட்டிக்கு உள்ள பலமெல்லாம் பூட்டுக்கும் பாதுகாப்புக்கும் பயன்படட்டும், வேலை நிழலில் காற்றோட்டமாக நடக்கட்டும்.

வெயிலுக்கு என் பதிலும் அந்தக் கூரைதான். மெல்லிய இரும்பு வெப்பத்தைக் கொஞ்சமும் தாமதிக்காது, வெளியே சுட்ட மறுநிமிடம் உள்ளே சுடும். பஃப் (பாலியூரித்தேன் நுரை), தெர்மாகோல், ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) என்று உள்ளே எதை ஒட்டினாலும், வெயில் தகட்டில் விழுந்த பிறகு நடக்கிற சண்டை அது. வெயில் விழாமல் தடுப்பது அதைவிட மலிவு. பெட்டியின் மேல்தகட்டுக்கும் ஷீட் கூரைக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு அடி இடைவெளி, அதில் காற்று போய்வர வேண்டும், கூரை எல்லாப் பக்கமும் மூன்றடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். கையில் உள்ள பணத்தில் முதல் செலவு இந்தக் கூரையாக இருக்கட்டும், உள்ளே அலங்காரம் அப்புறம். 20 அடியில் உயரம் குறைவு என்பதால் வெப்பத்தடுப்பைப் பெட்டியின் கூரைத் தகட்டுக்கு மேலேயே, ஷீட் நிழலில், விரித்துவிடலாம், உள்ளே அங்குலம்கூட வீணாகாது.

பெட்டிகளை வடக்கு தெற்காக நிறுத்தி, துணிப் பெட்டி மேற்கில் வருகிற மாதிரி வையுங்கள். சாயங்கால வெயிலை அது வாங்கிக்கொள்ளும். ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் அடிக்கிற மேல்காற்று கொண்டுவரும் புழுதியும் வெள்ளைச் சட்டைத் துணியில் படியாது. ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து வரும், அதனால் வடக்குப் பக்கம் கூரையைக் கூடுதலாக நீட்டி, சுருட்டி விடுகிற தார்ப்பாய் ஒன்று.

தோஹா ரிட்டர்ன்:

கத்தாரில் சைட் கேபின்களில்தான் என் வேலைக்காலம் போனது. 2022 உலகக் கோப்பைக்கு அங்கே ஸ்டேடியம் 974 என்று ஒன்று கட்டினார்கள், 974 கன்டெய்னர்கள், அந்த நாட்டின் தொலைபேசிக் குறியீடும் அதே எண். அதைப் பார்த்துவிட்டுப் பலபேர் கன்டெய்னரை அடுக்கினால் கட்டடம் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். அங்கேயும் கேலரியைத் தாங்க இரும்புச் சட்டகம் தனியாக நின்றது, பெட்டிகளுக்குள் கழிப்பறை, கடை மாதிரியானவை இருந்தன.

நான் சொல்ல வந்தது ஈரத்தைப் பற்றி. மார்கழி, தை விடியற்காலையில் வெளியே தகடு குளிர்ந்திருக்கும், உள்ளே இரண்டு பேர் மூச்சுவிட்டுத் தூங்கினாலே அந்த ஈரம் கூரையில் முத்து முத்தாகக் கட்டிச் சொட்டும். கப்பல்காரர்களே இதை கன்டெய்னர் மழை என்பார்கள். துணி வைக்கிற பெட்டிக்கு இது பெரிய எதிரி, வெள்ளைத் துணியில் பூஞ்சைப் புள்ளி விழுந்தால் போகாது. மேலேயும் கீழேயும் எதிரெதிர்ச் சுவரில் காற்றுத்துளை வையுங்கள், வலை அடித்து. துணிக்கட்டைச் சுவரில் ஒட்டி அடுக்காமல் அரை அடி தள்ளி ரேக்கில் வையுங்கள். உள்ளே தடுப்பு ஒட்டுவதாக இருந்தால் தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டுகிற ஸ்பிரே பஃப் நல்லது, ராக்வூலை வெறுமனே திணித்தால் அதன் பின்னால் ஈரம் தேங்கி, தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். கன்டெய்னரின் சரக்குக் கதவை உள்ளே இருந்து திறக்க முடியாது. தாழ்க்கம்பி எல்லாம் வெளியேதான். படுக்கிற பெட்டிக்கு உள்ளே தாழ்ப்பாள் வைத்த தனிக்கதவு ஒன்று, அதற்கு எதிர்ப்பக்கம் ஆள் வெளியேறுகிற அளவுக்கு ஜன்னல் ஒன்று, இரண்டும் இருந்தே ஆக வேண்டும். பக்கத்துப் பெட்டி முழுக்க துணி. பஃப் தீப்பிடித்தால் வருகிற புகை ஆளைக் கொல்லும், அதை வெறுமனே விடாமல் சிமென்ட் போர்டு வைத்து மூடுங்கள், பஃப் அடித்த பிறகு அந்தச் சுவரில் வெல்டிங் பக்கமே போகாதீர்கள்.

மின்கம்பி:

ஒயரிங் பற்றி யாரும் சொல்லவில்லை. முழுப் பெட்டியும் இரும்பு, ஒரு ஒயர் தோல் உரிந்தால் சுவரைத் தொட்டவர் எல்லோருக்கும் ஷாக். இரண்டு பெட்டியையும் தனித்தனியாக எர்த் செய்து, நடுவில் செம்புப் பட்டையால் இணைத்துவிடுங்கள், ஷீட் கூரையின் சட்டத்தையும் அதோடு சேர்க்கவும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம், எம்சிபி (அதிக மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் போட்டால் போதும் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். தகட்டில் துளை போட்டு ஒயர் நுழைகிற இடமெல்லாம் ரப்பர் வளையம் வேண்டும், மெஷின் அதிர்வில் தகட்டு விளிம்பு ஒயரை அறுத்துக்கொண்டே இருக்கும். டிபி பெட்டியை (இந்த சுவிட்சுகள் இருக்கும் மின்பகிர்வுப் பெட்டி) வெள்ளக் குறிக்கு நன்றாக மேலே வையுங்கள். பாகம் பிரிக்காத நிலம் என்பதால் ஈபி இணைப்புக்கு மாமாக்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள், எப்படியும் கேட்பார்கள்.

ஏரல் தையல்காரி:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. முன்னறையில் சாக்பீஸால் 2.2 மீட்டர் அகலம் கோடு போட்டு மெஷினை வைத்துப் பார்த்தோம், வரைபலகை அக்கா சொன்னது அப்படியே உண்மை, எழுந்து வெளியே வர முடியவில்லை. இரண்டு பெட்டி, நடுவில் கூடம் என்பதே சரி. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் "அதற்குப் போர்ட்டா கேபினே (பேனலில் செய்த ரெடிமேட் அறை) வாங்கிவிடலாமே, 10 அடி, 12 அடி அகலத்திலேயே செய்து தருகிறார்களே" என்கிறார். வெள்ளத்துக்கு என்ன செய்வது என்பதும் இன்னும் பிடிபடவில்லை.

வரைபலகை:

உங்கள் வீட்டுக்காரர் கேட்பது நல்ல கேள்வி. அறை மட்டும் வேண்டும் என்றால் நானும் போர்ட்டா கேபினைத்தான் சொல்லியிருப்பேன். பஃப் பேனல் என்பதால் வெப்பத்தடுப்பு அதிலேயே வந்துவிடும், எடை குறைவு, அகலமும் கேட்டபடி கிடைக்கும். உங்களுக்குப் பெட்டியைச் சொல்வதற்குக் காரணம், ஆளில்லாத நிலத்தில் மெஷினும் துணியும் ராத்திரி தங்கப்போகிறது, பேனல் சுவரை ஒரு கத்தியும் கடப்பாரையும் திறந்துவிடும். அதோடு அந்த ஷீட் கூரையைக் காற்றில் பிடித்துவைக்கக் கனமான ஏதாவது வேண்டும், காலியான 20 அடிப் பெட்டியே இரண்டு டன்னுக்கு மேல். ட்ரஸ்ஸின் (ஷீட்டைத் தாங்கும் கூரைச் சட்டம்) கால்களைப் பெட்டியின் மேல்சட்டத்தில் பற்றவைத்துவிடலாம், கூரைக்கெனத் தனித்தூண் அநேகமாகத் தேவைப்படாது. விரும்பினால் துணிக்குக் கன்டெய்னர், படுக்கைக்குக் கேபின் என்று கலந்தும் வைக்கலாம், ஆனால் கூரை தாங்க இரண்டு பக்கமும் கன்டெய்னர் இருப்பது எனக்கு நிம்மதி.

வெள்ளம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. அப்படி ஒன்று திரும்ப வராது என்று கணக்குப் போட முடியாது. பலர் யோசிக்காத விஷயம், கசியாத பெட்டி மிதக்கும். 20 அடிப் பெட்டியின் அடிப்பரப்பு கிட்டத்தட்ட 15 சதுர மீட்டர், காலி எடை 2.2, 2.3 டன், தரைப்பலகைக்கு மேல் அரை அடி தண்ணீர் ஏறினாலே அது எழும்பப் பார்க்கும். உள்ளே சாமான் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். எனவே நான்கு மூலையிலும் கான்கிரீட் பெடஸ்டல் (குட்டைத் தூண்) போட்டு, மேலே ஆங்கர் போல்ட்டோடு பேஸ் பிளேட் (இரும்பு அடித்தகடு), அதில் பெட்டியின் மூலையைப் பற்றவைக்க வேண்டும். நாளைக்கு எடுத்துப் போக அந்த வெல்டிங்கை அறுத்தால் போதும், கல் கட்டடம் எழுப்பியதாக மாமாக்கள் நினைக்க மாட்டார்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால் துணியை மேல்ரேக்குக்கு ஏற்றிவிட்டு, கதவைத் திறந்து கொக்கி போட்டுவிடுங்கள், தண்ணீர் உள்ளே வந்து போகட்டும், பெட்டி மிதக்காது.

உயரம்தான் சிக்கல். இடுப்பளவுக்கு மேலே தூக்கினால் நான்கடி பெடஸ்டல், கூடத்துக்கும் அந்த உயரத்துக்குத் தளம், கூரை இன்னும் மேலே போய்க் காற்று அதிகம் வாங்கும். நிலத்தில் மேடான மூலை இருக்கிறதா பாருங்கள். 2023இல் அங்கே தண்ணீர் வெறுமனே தேங்கி நின்றதா, இல்லை ஓடியதா என்று மாமாக்களிடம் கேளுங்கள். தேங்கியது என்றால் மேடான மூலையில் மண் ஏற்றி இரண்டடி பெடஸ்டல், மிச்சத்தை மேல்ரேக் பார்த்துக்கொள்ளும். ஓடியது என்றால் அந்த நிலம் வேண்டாம், வேறு இடத்தை வாடகைக்குப் பாருங்கள். அனுமதி விஷயத்தில், 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி இதற்கு என்ன வேண்டும் என்று ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஏரல் தையல்காரி:

பெரிய மாமாவிடம் கேட்டுவிட்டேன் அக்கா. ஓடவில்லை, வாய்க்கால் பக்கத்திலிருந்து ஏறி வந்து தேங்கிய தண்ணீர், மூன்று நாளில் வடிந்தது என்றார். கிழக்கு மூலை கொஞ்சம் மேடு, அங்கே கணுக்கால் அளவுதானாம். கையெழுத்துப் போட்டுத் தருவதாகவும் சொன்னார். சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு யார்டுக்குப் போகிறோம். அண்ணாச்சி, 20 அடியிலும் ஹை கியூப் கிடைக்குமா? இரண்டு பெட்டியையும் எங்கள் மண் ரோட்டில் கொண்டுவர என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

வெல்டிங் அண்ணாச்சி:

20 அடியில் ஹை கியூப் கிடைப்பது அரிது தங்கச்சி. நல்ல 40 அடி ஹை கியூப் மலிவாக வந்தால் பட்டறையில் நடுவில் வெட்டி இரண்டாக்கலாம், ஆனால் வெட்டிய முனை இரண்டுக்கும் புதிதாக மூலைத் தூணும் சட்டமும் தகடும் வைக்க வேண்டும், மிச்சம் பிடித்த பணம் அதில் போய்விடும். துணிக்கும் படுக்கைக்கும்தானே, சாதாரண 20 அடியே போதும், தடுப்பை மேலே விரித்துக்கொள்ளுங்கள்.

ரோட்டைப் பொறுத்தவரை 20 அடி வந்தது நல்லதாகப் போயிற்று, 40 அடி ட்ரெய்லர் அந்த வளைவில் திரும்பியிருக்காது. மழைக்கு முன்னால் மண் காய்ந்திருக்கும்போது கொண்டுவந்துவிடுங்கள். காலிப் பெட்டியை ஹைட்ரா (சின்ன கிரேன் வண்டி) தூக்கி வைத்துவிடும், ஆனால் நிலத்துக்கு மேலே ஈபி கம்பி போகிறதா, ஹைட்ரா நிற்கிற இடத்தில் மண் இறுகியிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். கதவு எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதை யார்டில் ஏற்றும்போதே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள், உங்கள் நிலத்தில் வந்தபிறகு பெட்டியைச் சுற்றித் திருப்ப இடம் இருக்காது. அதனால் சனிக்கிழமை வரும்போது ஒரு தாளில் நிலத்தின் படம், வடக்கு எது, வண்டி எந்தப் பக்கமிருந்து நுழையும், இரண்டு பெட்டிக்கும் ஜன்னலும் தனிக்கதவும் எங்கே என்று கோடு போட்டுக் கொண்டுவாருங்கள், அதை வைத்துப் பெட்டி பெட்டியாகச் சாக்பீஸால் குறித்துவிடலாம்.